பழசானால் கோடியா, காயலான் கடையா?



சென்ற பொதுக்குழுவில் பார்க்கிங் விவகாரம் சூடாகப் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆறு மாதத்துக்கு மேல் அசையாமல் நிற்கும் வண்டிகளை உரிமையாளர்களே எடுத்துவிட வேண்டும் என்று தீர்மானம் வைத்தார்கள். செயலாளர் வாசித்த பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. தரைத்தளத்தில் ஜெனரேட்டர் அறையை ஒட்டித் தார்பாய் போர்த்தி நிற்கிறதே, 1984 மாடல் பிரீமியர் பத்மினி, அது என் வண்டிதான். நான்கு வருடமாக ஸ்டார்ட் செய்யவில்லை. புது வண்டி வாங்கியவர்கள் இடமில்லாமல் சாலையோரம் நிறுத்திவிட்டு வருகிறார்கள் என்று ஒரு சகோதரி சொன்னார். நியாயமான பேச்சு. நான் பதில் சொல்லவில்லை.

மறுநாள் மாலை தார்பாயை விலக்கித் தூசு தட்டிக்கொண்டிருந்தேன். சி பிளாக்கில் ஏழாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவன் கையில் பொம்மைக் காரோடு வந்து நின்றான். போர்ஷே 911. அவன் கேட்டது இதுதான்: “அங்கிள், பழைய போர்ஷே எல்லாம் கோடிக்கணக்குல விக்குதாம். உங்க காரும் பழசுதானே? அது பழசானா கோடி, இது பழசானா மட்டும் காயலான் கடையா?”

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் முப்பது வருடத்துக்கு மேல் டர்னராகவும் பிறகு டூல் ரூமிலும் வேலை பார்த்தவன் நான். இரும்பு, அலுமினியம், ரப்பர், கண்ணாடி, எந்தக் காரிலும் இருப்பது இவைதான். எடைக்குப் போட்டால் போர்ஷேவின் இரும்புக்கும் பத்மினியின் இரும்புக்கும் ஒரே விலைதான். அப்படியானால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? அன்றைக்கு அவனுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பிறகு படித்துப் பார்த்தும் பழைய ஞாபகங்களைக் கிளறியும் கிடைத்த பதிலை இங்கே எழுதுகிறேன்.

மர மில்லில் பிறந்த கார்

ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் பளபளக்கும் பெரிய தொழிற்சாலைதான் நம் கண்முன் வரும். ஆனால் போர்ஷே என்ற பெயர் தாங்கிய முதல் கார் பிறந்த இடம் ஒரு மர அறுவை மில். அதுவும் ஜெர்மனியில் இல்லை. ஆஸ்திரியாவில் க்மூண்ட் என்ற சின்ன ஊரில். இரண்டாம் உலகப் போரில் ஸ்டுட்கார்ட் நகரத்தின் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்ததால் 1944ல் போர்ஷே குழு அங்கே இடம் மாறியிருந்தது.

குழுவின் தலைவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே, ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரை வடிவமைத்தவர். அது ஹிட்லர் ஆட்சி கேட்டுச் செய்த வேலை. போர்க்காலத்தில் அந்த ஃபோக்ஸ்வேகன் தொழிற்சாலையில் கட்டாயத் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்கினார்கள். கார் அழகாக இருக்கிறது என்பதற்காக இதை மறைத்து எழுதக் கூடாது. போர் முடிந்ததும் பிரான்ஸ் அரசு அவரைக் கைது செய்து 1947 வரை சிறையில் வைத்தது. பொறுப்பு முழுவதும் மகன் ஃபெர்ரி போர்ஷேவின் தலையில் விழுந்தது.

ஃபெர்ரியிடம் அப்போது இருந்ததெல்லாம் பீட்டிலின் பாகங்கள்தான். இன்ஜின், கியர் பாக்ஸ், சஸ்பென்ஷன், பிரேக் எல்லாவற்றையும் அதிலிருந்தே எடுத்தார்கள். 1,131 சி.சி. இன்ஜினைச் சரிக்கட்டிச் சுமார் 35 குதிரைத்திறன் வர வைத்தார்கள். ஏறக்குறைய நம் பழைய மாருதி 800 அளவுதான். ஆனால் வண்டியின் எடை 600 கிலோவுக்கும் கீழே. அலுமினியத் தகட்டைக் கையால் தட்டித் தட்டி பாடி கட்டியிருந்தார்கள். அதனால் மணிக்கு 135 கி.மீ. வரை போனது. 1948 ஜூன் 8ம் தேதி அந்த முதல் ‘356’ சாலையில் ஓட அனுமதி கிடைத்தது.

நம் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டுக்குள் நான்கு லேத்தும் ஒரு வெல்டிங் செட்டும் வைத்துக்கொண்டு, “அந்த மெட்டீரியல் கிடைக்கல சார், இதுல பண்ணித் தரேன், தாங்கும்” என்று சொல்லும் முதலாளிகளை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். க்மூண்டில் நடந்ததும் அந்த மாதிரி வேலைதான். அங்கே 50க்குச் சற்று அதிகமான கார்கள் செய்தார்கள். 1950ல் ஸ்டுட்கார்ட் திரும்பியபோது 500 கார் விற்றால் போதும் என்பதுதான் அவர்கள் கணக்கு. 1965ல் 356ஐ நிறுத்தியபோது எண்ணிக்கை 76,000ஐத் தாண்டியிருந்தது.

மேலே திறக்கும் கதவு

அதே ஸ்டுட்கார்ட் நகரத்து மெர்சிடிஸ்-பென்ஸ் கதையும் இப்படித்தான். 1952ல் மீண்டும் பந்தயத்துக்கு வர நினைத்தபோது, பந்தயத்துக்கென்று புது இன்ஜின் செய்யாமல், பெரிய பதவியில் இருப்பவர்கள் போய்வரும் ‘300’ காரின் மூன்று லிட்டர் இன்ஜினையே எடுத்துக்கொண்டார்கள். அது கனமான இன்ஜின். மற்ற எல்லாவற்றிலும் எடையைக் குறைத்தால்தான் உண்டு என்று இறங்கினார் பொறியாளர் ருடோல்ஃப் உலென்ஹவுட். மெல்லிய குழாய்களை முக்கோணம் முக்கோணமாக வெல்டிங் செய்து ஒரு கூண்டு கட்டினார். நம் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் செல்போன் டவரும் அதே கணக்கில் நிற்பதுதான். முக்கோணம் எளிதில் வளையாது.

ஆனால் அந்தக் கூண்டு உறுதியாக இருக்க வேண்டுமென்றால் பக்கவாட்டுக் குழாய்கள் உயரமாகப் போக வேண்டும். சாதாரணக் கதவு வைக்க இடமில்லை. ஆகவே கூரையில் கீல் வைத்துக் கதவை மேல்நோக்கித் திறக்கும்படி செய்தார்கள். பறவை சிறகு விரித்தது போல் நிற்கும் 300 எஸ்எல் காரின் அந்தக் கதவுகள் ஸ்டைலுக்காக வந்தவை இல்லை. வேறு வழி இல்லாமல் வந்தவை.

அந்தக் கார் 1952ல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்தது. அதே ஆண்டு மெக்சிகோவில் நடந்த நெடுந்தூரப் பந்தயத்தில், ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பிணந்தின்னிக் கழுகு முன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு முகத்தில் காயம். புதுக் கண்ணாடி போட்டு, அதற்கு முன்னால் இரும்புக் கம்பிகளை வைத்துக் கட்டிக்கொண்டு ஓட்டி அதிலும் ஜெயித்தார்கள். 1954ல் நியூயார்க் கண்காட்சியில் பொதுமக்கள் வாங்கக்கூடிய 300 எஸ்எல் வந்தது. பெட்ரோலைச் சிலிண்டருக்குள் நேராகப் பீய்ச்சும் முறை, விமான இன்ஜின்களில் பழகிய வித்தை, அதில் இருந்தது. 1957 வரை அந்தச் சிறகுக் கதவு மாடலில் செய்தது 1,400 கார்கள்தான்.

இந்த வேகத்துக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. 1955 லெ மான் பந்தயத்தில் ஒரு மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் பார்வையாளர்கள் பக்கம் பாய்ந்ததில் 80க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த ஆண்டோடு மெர்சிடிஸ் பந்தயத்தை விட்டு விலகியது. திரும்பி வரப் பல பத்தாண்டுகள் ஆயின.

சுவரில் இழுத்த கோடு

இனி அந்தப் பையன் கையில் இருந்த 911. 1963 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 356ன் வாரிசாக வந்தபோது இதன் பெயர் 901. நடுவில் சைபர் வரும் மூன்று இலக்கப் பெயர்கள் எங்களுடையவை என்று பிரான்சின் பெஜோ நிறுவனம் ஆட்சேபிக்க, 911 ஆனது. வடிவம் கொடுத்தவர் ஃபெர்ரியின் மகன் ஃபெர்டினாண்ட் அலெக்சாண்டர் போர்ஷே. இரண்டு லிட்டர், ஆறு சிலிண்டர், 130 குதிரைத்திறன். பீட்டிலைப் போலவே இன்ஜின் பின்னால். ரேடியேட்டர் கிடையாது, காற்றாலேயே குளிரும்.

இன்ஜின் பின்னால் இருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. டிவிஎஸ் 50ன் பின்னால் இரண்டு அரிசி மூட்டை கட்டி ஓட்டியவர்களுக்கு அது புரியும். முன் சக்கரம் லேசாகிவிடும், வளைவில் பின்பக்கம் தனியாக இழுக்கும். 911லும் வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் சுழன்று வெளியே போய்விடும். வேறு கம்பெனியாக இருந்தால் இன்ஜினை முன்னால் மாற்றியிருப்பார்கள். போர்ஷேக்காரர்கள் மாற்றவில்லை. முதலில் முன் பம்பருக்குள் இரும்பு எடைக்கட்டிகளை வைத்துச் சமாளித்தார்கள். 1969 மாடலில் பின் சக்கரங்களை 57 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினார்கள். மூன்று விரல் அகலம், அவ்வளவுதான். வண்டியின் குணம் மாறியது. பிறகு டயரை அகலமாக்கினார்கள், சஸ்பென்ஷனைத் திருத்தினார்கள். பின் சக்கரத்தின் மேலேயே பாரம் இருப்பதால் கிளம்பும்போது நல்ல பிடிமானம் கிடைக்கும் என்ற லாபத்தைக் கைவிடாமல் குறையை மட்டும் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கினார்கள். டூல் ரூமில் வேலை பார்த்தவர்களுக்கு இதில் இருக்கும் பொறுமை தெரியும்.

ஆனாலும் இந்தக் காருக்கும் காயலான் கடைக்குப் போகும் நாள் கிட்டத்தட்ட வந்தது. 1970களின் கடைசியில், முன்னால் இன்ஜின் வைத்த 928தான் எதிர்காலம், 911ஐ நிறுத்திவிடலாம் என்று முடிவெடுத்திருந்தார்கள். 1981ல் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் பீட்டர் ஷூட்ஸ். பொறியாளர் ஹெல்முட் பாட்டின் அறைச் சுவரில் எந்த மாடல் எதுவரை என்று காட்டும் அட்டவணை தொங்கியது. மற்ற கார்களின் கோடுகள் நீண்டு போக, 911ன் கோடு 1981ல் நின்றிருந்தது. ஷூட்ஸ் ஒரு மார்க்கரை எடுத்து அந்தக் கோட்டை அட்டவணை தாண்டி, சுவர் தாண்டி, அறை வாசல் வரைக்கும் இழுத்தாராம். அந்தக் கோடு இன்னும் நிற்கவில்லை. 1998ல் காற்றால் குளிரும் இன்ஜின் போய்த் தண்ணீர் வந்தது. 2017ல் பத்து லட்சமாவது 911 வெளிவந்தது. இன்றைய 911ஐயும் 1963ன் காரையும் பக்கத்தில் நிறுத்தினால் தாத்தாவும் பேரனும் என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

பூசணிக்காய்க் கிடங்கில் கிடந்த கார்

பிஎம்டபிள்யூ 507 என்று ஒரு கார். 1950களின் இரண்டாம் பாதியில் வந்தது. மிக அழகானது, ஆனால் செய்ய ஆகும் செலவு அதிகம். 252 கார்களோடு நின்றுபோனது. ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த கம்பெனியை இன்னும் நஷ்டத்தில் தள்ளியது. ஜெர்மனியில் அமெரிக்க ராணுவ சேவையில் இருந்த பாடகர் எல்விஸ் பிரெஸ்லி ஒரு வெள்ளை 507 வைத்திருந்தார். ரசிகைகள் லிப்ஸ்டிக்கால் அதன் மேல் கிறுக்கியதால் சிவப்பு வர்ணம் அடித்துக்கொண்டாராம். பிறகு அது கைமாறிக் கைமாறி, இன்ஜினையே இழந்து, கலிஃபோர்னியாவில் ஒரு பூசணிக்காய்க் கிடங்கில் பல வருடம் கிடந்தது. பிஎம்டபிள்யூவே அதை மியூனிக் கொண்டுபோய், சுமார் இரண்டு வருடம் வேலை பார்த்து, 2016ல் மறுபடி வெள்ளை நிறத்தில் ஓட வைத்தது.

இதை எப்படிச் செய்ய முடிந்தது? எழுதி வைத்திருந்தார்கள். எந்த நம்பர் வண்டி, எந்தத் தேதியில், என்ன நிறத்தில், யாருக்குப் போனது என்ற பதிவேடுகள் இந்த ஜெர்மன் கம்பெனிகளிடம் இருக்கின்றன. பழைய கார்களைச் சீர் செய்வதற்கென்றே 1993ல் ஸ்டுட்கார்ட் பக்கம் ஃபெல்பாக்கில் மெர்சிடிஸ் தனிப் பட்டறை திறந்தது. போர்ஷே தன் பழைய மாடல்களுக்கு இன்றும் உதிரி பாகம் செய்து விற்கிறது.

1955ல் பந்தயத்துக்காகச் செய்து, பந்தயத்துக்கே போகாமல் நின்றுவிட்ட மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் கூப்பே இரண்டே இரண்டுதான். இரண்டையும் கம்பெனியே பத்திரமாக வைத்திருந்தது. அதில் ஒன்று 2022 மே மாதம் 13.5 கோடி யூரோவுக்கு ஏலம் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 1,100 கோடி ரூபாய். உலகத்தில் இதுவரை எந்தக் காருக்கும் அதைவிட அதிக விலை ஏலத்தில் கிடைத்ததில்லை.

நம் பக்கத்துச் சோழவரம்

இதையெல்லாம் படித்தபோது எனக்கு ஜெர்மனியைவிட அதிகமாக ஞாபகம் வந்தது சோழவரம்தான். நம் திருவள்ளூரிலிருந்து ரெட் ஹில்ஸ் சாலையில் போனால் சுமார் ஒரு மணி நேரம்.

நம் அப்பாக்கள் காலத்தில் ‘பென்ஸ்’ என்றாலே லாரிதான். 1954ல் டாடாவும் டைம்லர்-பென்ஸும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் வந்த லாரிகள் அந்த மூன்று முனை நட்சத்திரத்தை நெற்றியில் வைத்துக்கொண்டு ஓடின. 1969ல் ஒப்பந்தம் முடிந்தது, நட்சத்திரம் போனது. வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலம் அது. அம்பாசடர், ஃபியட், வண்டலூர் அருகே செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இவற்றை விட்டால் வேறு கார் இல்லை.

ஆனால் வேகத்தின் மேல் ஆசை இல்லாமல் போய்விடுமா? சோழவரத்தில் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் பந்தயம் நடத்த ஆரம்பித்தது. 1980களின் இறுதி வரை நடந்தது. ஃபியட்டையும் ஹெரால்டையும் பிரித்து, எடையைக் குறைத்து, இன்ஜினைத் திருத்தி ஓட்டினார்கள். பின்னாளில் வெளிநாட்டு ஃபார்முலா 1 கார் ஒன்றுகூட அங்கே ஓடியது.

1983ல் ஐடிஐ படிக்கும்போது நண்பர்கள் மூன்று பேரோடு பஸ் மாறி மாறிப் போய்ப் பார்த்தேன். வெயில், புழுதி, காது அடைக்கும் சத்தம். ஒரு சிவப்பு ஃபியட் மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது. பின் சீட் இல்லை, கதவின் உள்பக்கம் வெறும் தகடு, சைலன்சர் கிடையாது. தெருவில் டாக்சியாக ஓடும் வண்டியா இது என்று வாய் பிளந்து நின்றேன். பத்து வருடம் கழித்துக் காசு சேர்த்து பழைய பத்மினி வாங்கியதற்குக் காரணம் அந்தச் சிவப்பு ஃபியட்தான்.

கோயம்புத்தூர் கரிவரதன் இன்னும் ஒரு படி மேலே போனார். மாருதி 800ன் இன்ஜினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். ‘ஃபார்முலா மாருதி’ என்று பெயர். பீட்டில் இன்ஜினை வைத்து க்மூண்டில் ஃபெர்ரி போர்ஷே செய்ததை நினைத்துப் பாருங்கள். 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயப் பாதை திறந்தது. அங்கே ஃபார்முலா மாருதியில் தொடங்கிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன், 2005ல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதைப் பார்க்கக் கரிவரதன் இல்லை. 1995ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். கோவை அருகே செட்டிப்பாளையத்துப் பந்தயப் பாதைக்கு அவர் பெயர்தான்.

இன்று ஜெர்மன் கம்பெனிகளே நம் பக்கம் வந்துவிட்டன. 2007ல் சிங்கப்பெருமாள் கோவில் அருகே பிஎம்டபிள்யூ, 2012ல் ஒரகடத்தில் பாரத்பென்ஸ் லாரி. நம் தொழிற்பேட்டைப் பையன்களில் சிலருக்கு அங்கே வேலையும் கிடைத்திருக்கிறது.

ஆனால் நான் பார்த்த அந்தச் சிவப்பு ஃபியட் எங்கே போனது? அதன் சிலிண்டர் ஹெட்டைக் கடைந்தது எந்த லேத் பட்டறை? எனக்குத் தெரிந்தவர்களிடம் விசாரித்தேன், யாருக்கும் நினைவில்லை. இதில் பிறரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நான் வேலை பார்த்த பட்டறையை மூடும்போது முப்பது வருட டிராயிங்குகளைக் கிலோ கணக்கில் பழைய பேப்பர்காரரிடம் போட்டார்கள். மூட்டை கட்டிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

பையனுக்கு என் பதில்

ஆகவே, தம்பி, உன் கேள்விக்கு என் பதில் இது. போர்ஷே பிறக்கும்போது கோடி இல்லை. இருந்த பாகத்தை வைத்துச் செய்த சின்னக் கார்தான். செய்தவர்கள் அதைக் குறையோடு ஏற்றுக்கொண்டு திருத்திக்கொண்டே வந்தார்கள். செய்ததை எழுதி வைத்தார்கள். பழசானதும் பாகம் செய்து கொடுத்தார்கள். பிறகுதான் கோடி வந்தது. பராமரிக்காமல் தார்பாய் போட்டு மூடி வைத்தால் போர்ஷேயும் துருப்பிடித்த தகடுதான். என் பத்மினியை நான்கு வருடம் அப்படி வைத்தது என் தப்பு.

திருவள்ளூரிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்துவந்து காட்டினேன். பெட்ரோல் டேங்க்கில் துரு, கார்புரேட்டர் அடைப்பு, பிரேக் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. இன்ஜின் ஜாம் ஆகவில்லை, கையால் சுற்றினால் சுற்றுகிறது. ஓட வைக்கலாம் என்கிறார். கமிட்டியிடம் பொங்கல் வரை அவகாசம் கேட்டிருக்கிறேன். அதற்குள் ஓடினால் ஆர்.சி. புதுப்பித்து, வாரம் ஒருமுறை எடுத்து ஓட்டுவேன். ஓடாவிட்டால் பக்கத்துப் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பிள்ளைகள் பிரித்துப் படிக்கக் கொடுத்துவிடுவேன். இடம் எப்படியும் காலியாகும் அல்லது ஓடும் வண்டி நிற்கும். தார்பாய் இருக்காது.

சி பிளாக் பையனுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, பக்கத்தில் படம் வரைய வேண்டும். இதுவரை பதினொரு பக்கம் ஆகியிருக்கிறது.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். நம் குடியிருப்பில் சோழவரம் பந்தயம் பார்த்தவர்கள், அதற்கு வண்டி தயார் செய்த பட்டறையில் வேலை பார்த்தவர்கள், ஒரு போட்டோவோ டிக்கெட்டோ வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுகிறோம். குடியரசு தின விழாவில் கம்யூனிட்டி ஹாலில் ஒரு மேஜை போட்டு வைக்கலாம் என்று செயலாளர் சம்மதித்திருக்கிறார். அந்தச் சிவப்பு ஃபியட்டின் படம் ஒன்று கிடைத்தால் எனக்குத் தனியாகவே போன் செய்யுங்கள். எந்த நேரமானாலும் பரவாயில்லை.